கம்பு தொடர்பாக எனக்கு எந்தக் கருத்தும் இல்லை

போட்டிகளில் விளையாடும் பிள்ளைகளின் மனதை அமைதிப்படுத்துவதற்காக ஏற்படுத்தப்பட்ட மனவலிமை வாரியத்தின் வாசலில், செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றும்படி ஒரு காவலாளி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

டிரைவிங் அக்கா சத்தமில்லாமல்தான் கழற்றினாள். அப்படியும் அவர் கத்தினார். அது அவருடைய வேலை, சம்பளம் வாங்குகிறவர் கத்தத்தானே வேண்டும். அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவள் டிரைவிங் அக்காதான். வீட்டுக்காரர்கூடச் சில சமயம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரத்துக்கென்று அங்கே வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, பிரேக்கே இல்லாத இடத்திலும் அவள் வலது கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், எங்கே உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

கூட வந்தவள் மகள். பள்ளியில் உயரம் தாண்டுகிறவள். உடம்பில் பாதிக்கு மேல் கால் என்பதால் மைதானத்தில் கொக்கு என்று பெயர் வைத்தார்கள், அது வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. கொக்குக்கு இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. வருகிற தேர்வுப் போட்டியில் குறித்த உயரத்தை மூன்று தடவைக்குள் தாண்டினால் விளையாட்டு விடுதியில் இடம், நல்ல பயிற்சி, பிறகு கல்லூரி. தாண்டாவிட்டால் அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது.

தாண்டத் தெரியாமல் இல்லை. பயிற்சியில் அவள் தாண்டுவதைப் பார்த்தால் யாரோ மேலேயிருந்து முடியைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இருக்கும். போட்டி என்று வந்துவிட்டால்தான் தொல்லை. போன வருஷம் ஓட்டம் தொடங்கும் இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நின்றவள்தான். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நேரம் முடிந்து சிவப்புக் கொடி காட்டினார்கள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமல் கிடந்தாள். அக்காவும் சாப்பிடவில்லை. குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அதற்காக அவரிடம் அக்கா இன்னும் முழுசாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு கொக்கு தானாகவே எதையோ யோசித்துக் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். அக்கா கதவில் காதை வைத்துக் கேட்டாள். தாய்க்கு அதற்கு உரிமை உண்டு என்பது அவள் கட்சி. உள்ளே கேட்டது இவ்வளவுதான்: "என்ன ஆயிடும்? கம்பு விழும். எடுத்து வைக்க ஆள் இருக்கு."

அன்றிலிருந்து சின்னச் சின்னப் போட்டிகளில் கொக்கு ஓடினாள், தாண்டினாள். சில தடவை கம்பு விழுந்தது. எடுத்து வைக்க நிஜமாகவே ஆள் இருந்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ரகசியத்தை வீட்டுக்காரரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், கிளட்சை மிதிக்கப் பயப்படுகிற பழகுநர்கள் எல்லோரிடமும் சொன்னாள். மகளிடம் மட்டும், கேட்டதாகச் சொல்லவில்லை.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மனவலிமை வாரியம் பிறந்தது.

"அமைதிச் சான்று இல்லாம இனிமே மைதானத்துக்குள்ள காலே வைக்க முடியாதாம்க்கா," என்று பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "பிள்ளைங்க பதற்றத்தைக் குறைக்கறதுக்காம். அதைக் கேட்டதிலேர்ந்து எனக்கே வயித்தைக் கலக்குது."

வாரியத்தின் அமைதிக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் 'பதறாதீர்' என்றும், அதன் கீழே சின்ன எழுத்தில் 'அழைக்கும்போது இல்லாதவர் பெயர் நீக்கப்படும்' என்றும் எழுதியிருந்தது. அழைப்பது எழுத்தர். யார் காதிலும் விழாத குரலில் அவர் ஒரு தடவை மட்டும் அழைப்பார். உரக்க அழைத்தால் அமைதி கெடும் என்பது விதி. அதனால் கூடத்திலிருந்த எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு அது காலை ஆட்டுறது?" என்று எழுத்தர் எழுந்து வந்தார்.

"நான்தான் சார். பழக்கம்."

"இப்படிப் பழக்கம் இருக்கிற வீட்டுல பிள்ளை எப்படிம்மா அமைதியா இருக்கும்?" என்று அவர் அக்காவின் முழங்காலை ஏதோ திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா முழங்கால்மேல் கைப்பையை வைத்து அழுத்திக்கொண்டாள். இப்போது கைப்பை ஆடியது.

ஒருவழியாக உள்ளே போனார்கள். இயக்குநர் மேசைக்குப் பின்னால் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் மூன்று தொலைபேசிகளும் ஒரு மாத்திரைப் பெட்டியும் இருந்தன. எந்தத் தொலைபேசி முணுமுணுத்தாலும் அவர் பாதி எழுந்து, சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து புன்னகைத்தார்.

"பதற்றம்னா என்ன?" என்று தொடங்கினார். "அது ஒரு மாயை. இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து நான் பதறினதே இல்ல. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?" என்றாள் அக்கா.

"எந்தத் தாள்லயும் நான் தனியா கையெழுத்துப் போட்டது கிடையாது. எனக்கு முன்னாடி நாலு பேர் போட்டிருக்கணும். இதுதான் மனவலிமை." மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "நம்ம வாரியத்தோட கொள்கை ரொம்ப எளிமையானதும்மா. பிள்ளை தன் சொந்தச் சிந்தனையால தன்னைத்தானே தேத்திக்கணும். வெளியிலேர்ந்து யாரும் எதையும் திணிக்கக் கூடாது. அந்தச் சொந்தச் சிந்தனை என்னன்னு நாங்க முடிவு பண்ணிக் குடுத்துடுவோம்."

அக்கா தலையாட்டினாள். பெரிய மனிதர்கள் சொல்வது புரியாதபோது தலையாட்டிவிடுவது நல்லது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

"சொல்லு பாப்பா. பயம் வர்றப்போ நீ என்ன நினைப்பே?"

கொக்கு தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் நினைக்க மாட்டேன் சார்."

படிவத்தோடு கூடவே வந்து உட்கார்ந்திருந்த எழுத்தரின் பேனா நின்றது. "ஒண்ணும் இல்லன்னு எழுத முடியாது சார். கட்டம் காலியா இருந்தா தணிக்கையில கேப்பாங்க. போன மாசம் ஒரு குத்துச்சண்டைப் பையன் அப்படித்தான் சொன்னான். இன்னும் அவன் ஃபைல் மூடல."

"அப்போ சிந்தனை வந்ததும் வாங்க," என்று இயக்குநர் அன்பாகச் சொன்னார். "அடுத்த வருஷம்கூட வரலாம். அவசரமே இல்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அடுத்த வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. ஆனால் வாய்க்குப் பிரேக் கிடையாது. "இருக்கு சார்! நினைப்பா சார்! 'என்ன ஆயிடும், கம்பு விழும், எடுத்து வைக்க ஆள் இருக்கு', இதைத்தான் நினைப்பா. நானே என் காதால கேட்டேன்!"

கொக்கு திரும்பித் தாயைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தெருவில் நடக்கும்போது பை கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிவிட்டால் ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

இயக்குநர் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, "ரொம்ப ஆபத்தானது," என்றார். "நிபுணர் குழுவுக்கு அனுப்புங்க."

எல்லோரும் எழுந்து போனபோது, நிபுணர் குழு பக்கத்து அறையிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் தியானத் துறை என்று பிறகு தெரிந்தது. சட்ட ஆலோசகர் வாக்கியத்தை வாங்கிப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"'எடுத்து வைக்க ஆள் இருக்கு'ங்கிறாங்க. யாரு அந்த ஆளு? நிரந்தரமா, ஒப்பந்தமா? நாளைக்கு அவன் இந்தக் குழந்தையோட சிந்தனையைக் காட்டி, எனக்கு வேலை இருக்குன்னு வாரியமே ஒத்துக்கிச்சுன்னு கோர்ட்டுக்குப் போனா?"

கொள்முதல் அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திவிட்டு, மனம் புண்பட்டவராக அக்காவைப் பார்த்தார். "கம்பு விழும்னு எப்படிம்மா சொல்லலாம்? அந்தக் கம்பு வாங்கினது என் பிரிவு. முறைப்படி டெண்டர் விட்டு வாங்கின கம்பு. அது எப்படி விழும்?"

"தட்டினா விழும் சார்."

"அதை எழுத்துல குடுப்பீங்களா?"

அக்கா குடுக்க மாட்டேன் என்றாள். அவர் வெற்றியோடு மறுபடி மூக்கைச் சிந்தினார்.

"அதோட, இது கேள்வியில தொடங்குது," என்றார் மொழி வல்லுநர். "'என்ன ஆயிடும்'னு. கேள்வி கேக்கிறது மனசுக்குக் கெடுதல். நான் இந்தக் குழுவுல சேர்ந்ததிலேர்ந்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. பாருங்க, எவ்வளவு தெம்பா இருக்கேன்."

கேள்வியை எடுத்தார்கள். விழுவதை எடுத்தார்கள். ஆளையும் எடுத்தார்கள். மிஞ்சியது கம்பு மட்டும்தான். அதையும் எடுத்துவிடலாம் என்றார் சட்ட ஆலோசகர். எடுத்தால் கம்பு வாங்கவில்லை என்று ஆகிவிடும் என்று கொள்முதல் அதிகாரி பதறினார். அமைதி என்ற சொல் ஓரிடத்திலாவது வர வேண்டும், அமைதிக்கு யார் காரணம் என்று சொல்லாவிட்டால் சுகாதாரத் துறைக்காரன் வந்து உரிமை கொண்டாடுவான் என்று இயக்குநர் எச்சரித்தார். தியானத் துறை விழித்துக்கொண்டு, சம்மதம் என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடியது. வெளியே வெயில் சாயத் தொடங்கியபோது கொக்கின் சொந்தச் சிந்தனை தயாராகிவிட்டது:

'நான் அமைதியாக இருக்கிறேன். என் அமைதிக்கு வாரியமே காரணம். கம்பு தொடர்பாக எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.'

கொக்கு அதைப் படித்துப் பார்த்தாள். "இது யாரோட சிந்தனை சார்?"

"உன்னோடதுதான் பாப்பா," என்றார் இயக்குநர். "கீழே உன் கையெழுத்து இருக்குல்ல?"

சான்று கிடைத்துவிட்டது. அக்காவுக்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். வாக்கியம் மாறினால் என்ன, மனசுக்குள் பழையதையே நினைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். கொக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சியில் அவள் ஓடிவந்து, கம்புக்கு அருகில் வந்ததும் தாண்டாமல், குனிந்து அடியில் போய்விட்டாள். அடுத்த தடவையும் அப்படியே. பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார்.

"என்னடி ஆச்சு?" என்று அக்கா ஓடிவந்தாள். "பழசையே நினைச்சுக்கோன்னு சொன்னேன்ல?"

"அது செத்துப்போச்சும்மா." கொக்கு மெத்தையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். "கம்பு விழும்னு நினைச்சாலே அந்த ஆளு மூக்கு சிந்துறதுதான் வருது. எடுத்து வைக்க ஆள் இருக்குன்னு நினைச்சா, நிரந்தரமா ஒப்பந்தமான்னு யாரோ கேக்கறாங்க. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேன். அதைப் போய் அங்க சொல்லிட்டியே."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பிள்ளைக்குப் பதற்றம் என்று முழுங்கிக்கொண்டாள். அடுத்து வந்த நாட்களில் வீட்டில் சிந்தனைப் பஞ்சம். அக்கா புதுசு புதுசாகத் தயாரித்துக் கொடுத்தாள். சிக்னலில் பச்சை விளக்கு எரிவதாக நினைத்துக்கொள் என்றாள். பின்னால் லாரி ஹாரன் அடிப்பதாக நினைத்துக்கொள் என்றாள். கொக்கு அதைக் கேட்டு இன்னும் வெளிறிப்போனாள். தூக்கம் கலைந்து எழுந்த வீட்டுக்காரர், "அவளைச் சும்மா விடேன்," என்றார். அவரும் ஒரு சிந்தனைதான் சொன்னார் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு என்ன, சாப்பிட்டுத் தூங்குகிறவர் என்று அக்கா பாய்ந்தாள்.

பிறகு வாரியத்துக்கு ஓடினாள். அன்றைக்குத் தான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள்.

"திரும்பப் பெறலாமே," என்றார் எழுத்தர். "உங்க பொண்ணு அந்தப் பழைய சிந்தனையை முழுசா மறந்துட்டான்னு நிரூபிக்கணும். அவ்ளோதான்."

"எப்படி சார் நிரூபிக்கறது?"

"எதை மறந்தான்னு அவளே வந்து சொல்லணும்."

"சொன்னா மறக்கலன்னு ஆயிடுமே?"

எழுத்தர் அவளை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். "அதனாலதான்ம்மா இதுவரைக்கும் யாரும் திரும்பப் பெறல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அன்றைக்கு அங்கே இன்னொரு செய்தியும் காத்திருந்தது. கொக்குக்காகத் தயாரித்த வாக்கியம் வாரியத்துக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. எந்தத் துறையும் ஆட்சேபம் தெரிவிக்காத முதல் சிந்தனை அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொந்தச் சிந்தனை தயாரித்தால் நிபுணர் குழுவின் உடம்பு தாங்காது என்பதால், அதையே எல்லா விளையாட்டுக்கும் சொந்தச் சிந்தனையாக அறிவித்துவிட்டார்கள். கூட்டுப் பயிற்சிக்கும் ஏற்பாடாகியிருந்தது.

ஒரு பெரிய கூடத்தில் எல்லா விளையாட்டுப் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், தத்தம் சொந்தச் சிந்தனையை மனதுக்குள் சிந்திக்க வேண்டும். சிந்தனை மேற்பார்வையாளர்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து, நெற்றியைப் பார்த்து, சரியாகச் சிந்திக்கிறார்களா என்று கண்காணித்தார்கள். ஒரு குண்டெறியும் பையனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். அவன் மற்றவர்களுக்கு முன்பே சிந்தித்து முடித்துவிட்டானாம்.

"சார், ஒரு சந்தேகம்," என்று ஒரு நீச்சல் பெண் கையைத் தூக்கினாள். "தண்ணிக்குள்ள கம்பு எங்க இருக்கும்?"

"இருக்கான்னு பாக்காதே," என்றார் மேற்பார்வையாளர். "அதைப் பத்தி உனக்குத்தான் கருத்தே இல்லையே?"

அந்தப் பெண் அன்று நீந்தப் போய், தண்ணீரில் கம்பைத் தேடிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டதாகக் கேள்வி.

இயக்குநர் மேடையேறி அமைதியைப் பற்றிப் பேசினார். "உங்க மனசு தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கணும்," என்றார். அப்போது மேலே மின்விசிறி லேசாகக் கிறீச்சிட்டது. "யாரு அது?" என்று கத்தினார். விசிறிதான் என்று சொன்னார்கள். "விசிறியை யாரு போட்டது? நான் போடச் சொன்னேனா? எழுத்துல இருக்கா?" என்று மேசையை ஓங்கிக் குத்தினார். தண்ணீர்க் குவளை சாய்ந்து அவர் சட்டை நனைந்தது. "தெளிஞ்ச தண்ணி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார். பிள்ளைகள் பயந்து கைதட்டினார்கள்.

தேர்வுப் போட்டி வந்தது.

அன்று காலை அக்கா எழுந்ததிலிருந்து ஒரு வேலையையும் முழுசாகச் செய்யவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினாள். கொக்கு மட்டும் அமைதியாக ஷூவைத் துடைத்தாள். அந்த அமைதியைப் பார்த்து அக்காவுக்குக் கலக்கம் இன்னும் அதிகமாயிற்று. ஏதாவது நினைக்கிறாளா, நினைக்கவே இல்லையா? கேட்க வாய் வந்தது. கேட்டும் விட்டாள். "ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியாடி?"

"வண்டியை எடும்மா," என்றாள் கொக்கு.

மைதானத்தில் பெற்றோருக்கென்று தனியாகப் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மதில் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. பெற்றோர் முகம்தான் பிள்ளைகளுக்கு முதல் பதற்றம் என்று வாரியம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. திரும்பிப் பார்க்கும் பெற்றோரின் பிள்ளை போட்டியிலிருந்து நீக்கப்படும் என்று காவலாளி கத்திக்கொண்டே நடந்தார்.

ஆக, டிரைவிங் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில்லாத வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு தடை ஓட்டக்காரனின் அப்பா, கண்ணை இறுக மூடி, எதிரே சுவர்தான் இருக்கிறது என்பதை மறந்து, வேண்டிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் கொக்கின் எண் வந்தது. ஒவ்வொரு தாண்டலுக்கும் முன்பாக ஒரு சிந்தனை மேற்பார்வையாளர் அருகில் வந்து, "சிந்திச்சாச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்ற பிறகுதான் ஓட வேண்டும். அந்தக் கேள்வி ஒலிபெருக்கியில் பந்தல் வரைக்கும் கேட்டது.

"சிந்திச்சாச்சா?"

"ஆச்சு."

ஓடும் சத்தம். அப்புறம் கம்பு தரையில் விழுந்து உருளும் சத்தம். டெண்டர் விட்டு வாங்கிய கம்பு.

இரண்டாவது தடவை. "சிந்திச்சாச்சா?" பதில் இல்லை. "சிந்திச்சாச்சா பாப்பா? மூணு வாக்கியமும் சிந்திக்கணும். எத்தனையாவது வாக்கியத்துல இருக்கே?" அவர் கேட்டுக்கொண்டே இருக்க, நேரம் முடிந்த மணி அடித்தது. சிவப்புக் கொடி என்று ஒலிபெருக்கி மகிழ்ச்சியோடு அறிவித்தது.

இன்னும் ஒரே ஒரு தடவைதான். அக்கா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, இழுத்துப் பிடித்தாள். காவலாளி அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிள்ளை அங்கே நிற்கிறாள், நான் இங்கே ஒரு சுவரின் காரையை எண்ணிக்கொண்டிருக்கிறேன், இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. நான் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்றும் தோன்றியது. அது ஆத்திரத்தைவிட மோசமாக இருந்தது.

"சிந்திச்சா..."

"ஆச்சு ஆச்சு ஆச்சு," என்றாள் கொக்கு, அவர் முடிப்பதற்குள்.

காலடிகள் கேட்டன. மெதுவாக, பிறகு வளைந்து, பிறகு வேகமாக. கடைசிக் காலடி தரையை அடித்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையில் தொப்பென்று உடம்பு விழுந்தது. அக்கா கம்பின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பக்கத்திலிருந்த தடை ஓட்டக்காரனின் அப்பாவும் வேண்டுதலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கம்பு விழவில்லை. எங்கோ பயிற்சியாளரின் விசில் பைத்தியம் பிடித்ததுபோல் ஊதியது. அக்கா சுவரைப் பார்த்தபடியே முகத்தை முந்தானையில் புதைத்து அழுதாள்.

ஆனால் தாண்டல் செல்லும் என்று காட்டும் வெள்ளைக் கொடி உடனே எழவில்லை. மேற்பார்வையாளர் மெத்தைக்கே வந்துவிட்டார்.

"இரும்மா. நீ ரொம்ப சீக்கிரம் ஆச்சுன்னே. என்ன சிந்திச்சே? அனுமதிச்ச சிந்தனைதானா? வேற ஏதாவது சிந்திச்சிருந்தா இந்தத் தாண்டல் செல்லாது."

கொக்கு மெத்தையிலிருந்து எழுந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளியில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள்: "நான் அமைதியாக இருக்கிறேன். என் அமைதிக்கு வாரியமே காரணம். கம்பு தொடர்பாக எனக்கு எந்தக் கருத்தும் இல்லை."

"ஒரு எழுத்துப் பிழை இல்ல!" என்று மேற்பார்வையாளர் பூரித்துப்போனார். வெள்ளைக் கொடி எழுந்தது. கொக்குக்கு விடுதியில் இடம் உறுதியாயிற்று.

இயக்குநர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். இன்று தாண்டியது ஒரு பெண் அல்ல, ஒரு வாக்கியம் என்றார். அந்த வாக்கியத்தின் பின்னால் ஒரு குழுவே இருக்கிறது என்றார். இன்னும் ஏதேதோ இருப்பதாகச் சொல்ல வந்தபோது, மேலிடத்திலிருந்து வந்திருந்த செயலாளர் கம்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு நடுவில் வளைந்திருந்தது.

"இது என்ன இப்படி வளைஞ்சிருக்கு? யாருய்யா வாங்கினது?" என்றார்.

இயக்குநரின் கை சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. மாத்திரைப் பெட்டி அலுவலகத்தில் இருந்தது. முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய நான்கு பேரும் எப்போதோ கூட்டத்தில் கரைந்துவிட்டார்கள். வியர்வை வழிய, கண்ணை மூடி, மைக் கையில் இருப்பதையும் மறந்து அவர் சொன்னார்: "கம்பு தொடர்பாக எனக்கு எந்தக் கருத்தும் இல்லை."

பலருக்குப் பொருந்தாத அந்த வாக்கியம் கடைசியில் தனக்கேற்ற ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. செயலாளர் திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்த மாதமே இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்ததாகச் சொல்கிறார்கள்.

அக்கா அதற்கெல்லாம் நிற்கவில்லை. மகளைக் கட்டிப்பிடித்து, முகமெல்லாம் முத்தமிட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊர் எல்லையைக் கடக்கும்வரை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"நிஜமா என்னடி நினைச்சே?"

கொக்கு சிரித்தாள். "கம்பு தொடர்பாக..."

"அடி வாங்குவே. எங்கிட்டயுமா? புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கே, எனக்குத் தெரியும். என்ன அது?"

"சொல்ல மாட்டேன்."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்டி. சத்தியமா."

"தெரியும்மா. ஆனா சொல்ல மாட்டேன்."

"உன்னைப் பெத்தவ நான்!"

"ஆமா," என்றாள் கொக்கு, கொஞ்சமும் கோபமில்லாமல். "அது நீ பெத்தது இல்லம்மா. நான் பெத்தது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, வெட்கம் வந்தது. இவள் விடுதிக்குப் போய்விடுவாள், என்ன நினைக்கிறாள் என்று தெரியாமலே நான் இங்கே கிடந்து சாக வேண்டும் என்று துக்கமும் வந்தது. இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாள் என்றும் தோன்றியது. களைத்துப்போயிருந்தாள், கெஞ்சினால் தாங்க மாட்டாள். நாக்கு நுனிவரைக்கும் கேள்வி வந்துவிட்டது. அவளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த சிந்தனை மேற்பார்வையாளர் ஒருவர் எழுந்து நின்று, சிந்திச்சாச்சா என்று கேட்கத் தயாரானார். அக்கா அவரை அப்போதுதான் அடையாளம் கண்டாள்.

கொக்கு இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அந்தத் தாண்டலை மனதுக்குள் மறுபடி தாண்டுகிறாள் போலிருக்கிறது. மூச்சோடு மூச்சாக ஏதோ சொல் வெளியே வரப் பார்த்தது. கொஞ்சம் சாய்ந்தால் கேட்டுவிடும்.

டிரைவிங் அக்கா முன்னும் பின்னும் ஒரு வண்டிகூட இல்லாத அந்தச் சாலையில் ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல், நீளமாக அடித்துக்கொண்டே போனாள்.